பழைய கிதாரும் பதினொரு வடங்களும்

கோட்டு வாத்தியக் கச்சேரியை நேரில் கேட்டிராத நண்பர்கள் நம் சங்கத்தில் சிலர் இருக்கலாம். ஆனால் அதன் பெயரையாவது அறியாதவர் இருக்க மாட்டார். வீணையைப் போன்ற உருவம். மெட்டுகள் மட்டும் கிடையா. இடக்கையில் ஓர் உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக, வலக்கை மீட்டுகிறது. திருவிடைமருதூர் சகாராம ராவ் இதனைப் பெயர் பெறச் செய்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். இப்போது சித்திர வீணை என்ற பெயரே மிகுதியாக வழங்குகிறது. இந்த வாத்தியத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், நான் சொல்லப்போகும் அமெரிக்கக் கருவியை விளங்கிக் கொள்வது எளிது. ஏனெனில் இரண்டும் ஒரே யோசனையின் இரு பிள்ளைகள். ஆனால் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த பிள்ளைகள்.

ஹவாய்த் தீவுகளில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு என்பவர், பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்திலேயே கிதாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசித்துப் பார்த்தார். 1904இல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அந்நாடு முழுவதும் பரவியது. 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் வாணலியைப் போன்ற உருவத்தில் மின்சார ஹவாய் கிதாரை விற்கத் தொடங்கினர். மின்சாரம் முதலில் ஏறியது இந்தப் படுக்கைக் கிதாரின் மேல்தான் என்பதை, தோளில் மாட்டிக்கொண்டு துள்ளும் கிதார் அன்பர்கள் தயவு செய்து நினைவில் வைக்க வேண்டும்!

இங்கே ஒரு சங்கடம் எழுந்தது. நம்முடைய இசைக்குச் சுருதியும் ஒற்றை இராகமும் போதும். ஆகவே வழுக்கும் உருளையோடு கோட்டு வாத்தியம் நிறைவு பெற்றுவிட்டது. மேல்நாட்டு இசையோ பல சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டுவது. நேரான ஓர் இரும்பு உருளையை எட்டுக் கம்பிகளின் மேல் வைத்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு உயரும், ஒரே அளவு தாழும். திறந்த கம்பிகளில் என்ன சுரக் கூட்டு அமைந்திருக்கிறதோ, அதே கூட்டுத்தான் எங்கே சென்றாலும் கிடைக்கும். உருளையைச் சாய்த்துப் பிடித்து ஓரளவு சமாளிக்கலாம். கழுத்துகளைப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகச் சுருதி சேர்ப்பது மற்றொரு வழி. இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகள் கொண்ட ஸ்டீல் கிதார்கள் இப்படித்தான் தோன்றின.

மூன்றாவது வழி காலால் மிதிப்பது. மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட ஒரு கம்பி மட்டும் இறுகிச் சுரம் ஏற வேண்டும், அல்லது தளர்ந்து இறங்க வேண்டும். காலை எடுத்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். கிப்சன் நிறுவனத்தார் 1939 அளவில் எலக்ட்ராஹார்ப் என்ற பெயரில் இத்தகைய ஒன்றைச் செய்தனர். எனினும் அந்நாளில் மிதி என்பது ஒரு சுருதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விசை என்றே கருதப்பட்டது. 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ‘ஸ்லோலி’ என்ற இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். கூட்டில் ஒரு சுரம் அசையாமல் நிற்க, மற்றொன்று அதன் அருகே ஊர்ந்து ஏறியது. கமகம் பழகிய நம் செவிக்கு அது புதிதன்று. அவர்களுக்கு அது பேரதிசயம். ஸ்டீல் கிதார் வாசிப்போர் எல்லோரும் மிதி தேடி ஓடினர்.

அந்த ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் புல்லர்டன் ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். தமக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவரது நிறுவனம் 1957இல் இரண்டு கழுத்து கொண்ட ‘1000’ என்ற மிதிக் கிதாரையும், அதைத் தொடர்ந்து எட்டுக் கம்பியும் ஒரே கழுத்தும் கொண்ட ‘400’ஐயும் வெளியிட்டது. பிற தொழிலாளர் பலரும் மிதிக்கும் கம்பிக்கும் நடுவே விறைப்பான இரும்புக் கோல்களை வைத்தனர். ஃபெண்டரோ மெல்லிய எஃகு வடங்களைக் கப்பிகளின் வழியே ஓடவிட்டார். மிதிவண்டியின் தடைவடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே உத்தி. வடம் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. நாளடைவில் நீளவும் செய்யும். ஆனால் கொக்கியை ஓரிடத்தில் கழற்றி இன்னோரிடத்தில் மாட்டினால் போதும், மிதியின் வேலையே மாறிவிடும். வாசிப்பவர் தம் மனம் போல அமைத்துக்கொள்ளலாம். ஸ்பீடி வெஸ்ட், ரால்ஃப் மூனி போன்ற வித்வான்கள் இந்த வடக் கிதார்களை வாசித்தனர். ‘ஸ்னீக்கி’ பீட் கிளைனோ என்பவர் மற்றவர்கள் கோல் கிதாருக்குப் போன பின்னும் ‘400’ஐ விடவில்லை. பொம்மைகளை அசைத்து அசைத்துப் படமெடுப்பதும் அவருக்கு ஒரு தொழில். வடமும் கப்பியும் பிடித்துப் போனதில் வியப்பில்லை.

இத்தகைய ‘400’ ஒன்று கொல்கத்தாவில் ஒரு வீட்டுக் கட்டிலின் அடியில் கிடந்தது. அதைப் பழுது பார்த்த கதையைத்தான் இனிச் சொல்கிறேன்.

ஸ்டீல் கிதாருக்கு இந்நகரம் அந்நியமானது அன்று. ஹவாயைச் சேர்ந்த டாவ் மோ என்ற வித்வான் தம் குடும்பத்தோடு 1940களில் அந்நாளையக் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். சுனில் கங்குலி, படுக் நந்தி முதலியோரின் ஹவாய் கிதார் இசைத்தட்டுகள் வங்காளி வீடுகளில் ஓயாமல் சுழன்றன. பிரிஜ் பூஷண் காப்ரா 1967இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் இதே கருவியை இந்துஸ்தானி இசைக்கு ஏற்றபடி வாசித்தார். ஆனால் இவை எல்லாம் மிதி இல்லாத கிதார்கள். மிதி வைத்த கிதாரை இந்த ஊரில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை பேசச் சென்ற கடையில்தான் முதலில் செய்தி கேட்டேன். கப்பலிலும் ஓட்டல்களிலும் வாத்தியக் குழுவில் வாசித்த ஒருவர் 1960களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தாராம். அவர் காலமாகி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் இப்போது எழுபதைக் கடந்தவர். நாங்கள் அவரை மாசிமா என்று அழைத்தோம். ஒரு வியாபாரி அந்தக் கிதாரை நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். மேல் மெருகைச் சுரண்டி, புதிதாகப் பளபளப்பு ஏற்றி, உணவு விடுதி ஒன்றின் சுவரில் மாட்டுவது அவர் எண்ணம். அடியிலுள்ள வடங்களையும் கப்பிகளையும் பழைய இரும்பாகப் போட்டுவிடலாம் என்று சொன்னாராம். மாசிமா அதற்கு இசையவில்லை. “அப்பா வாசித்த மாதிரியே அது மறுபடியும் ஒலிக்குமா? ஒலிக்காது என்றால் அவரே கொண்டு போகட்டும்” என்றார். வியாபாரிக்கு அவர் கொடுத்திருந்த தவணை இரண்டு மாதம். நான் உலோகவியல் மாணவன். என் அறைத் தோழர் இயந்திரவியல். விடுமுறைக்கு ஊர் போவதில்லை என்று முடிவு செய்தோம்.

‘அப்பா வாசித்த மாதிரி’ என்ற அந்தச் சொல்லில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருந்தது. வீணையென்றால் சுருதி சேர்க்கும் முறை எல்லோருக்கும் ஒன்று. மிதிக் கிதாரிலோ, எட்டுக் கம்பிகளில் எந்தெந்தச் சுரம், எந்த மிதி எந்தக் கம்பியை ஏற்றும், எதை இறக்கும் என்பதெல்லாம் அந்தந்த வித்வானின் சொந்த விஷயம். அந்தப் பெரியவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் வாசித்த ஒலிப்பதிவும் இல்லை. அவருடைய சங்கீதச் சிந்தனை முழுவதும் ஒரே இடத்தில்தான் பதிவாகியிருந்தது: எந்த வடம் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்பதில். சுத்தம் செய்கிறோம் என்று அவசரப்பட்டு வடங்களைக் கழற்றிப்போட்டால், அந்தப் பதிவு அக்கணமே அழிந்துவிடும். ஆகவே முதல் மூன்று நாளும் நாங்கள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கிதாரைத் தலைகீழாகக் கிடத்தி, படமெடுத்து, எட்டுக் கம்பிக்கும் ஆறு மிதிக்கும் கட்டம் போட்டு, வடங்களுக்கு எண் கட்டினோம்.

உள்ளே அமைப்பு இவ்வாறு: ஒவ்வொரு கம்பியின் முனையும் குதிரையின் இடத்திலுள்ள ஓர் உலோக ‘விரலில்’ மாட்டியிருக்கிறது. விரல் ஓர் அச்சில் சற்றே ஆடும். ஒரு பக்கம் வடம் இழுத்தால் கம்பி இறுகும்; மறு பக்கம் இழுத்தால் தளரும்; இழுப்பு நின்றதும் வில்சுருள் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்பதைத் திருகுகள் தடுத்து நிறுத்துகின்றன. ஒரு கம்பிக்கு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாடு பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று.

கட்டத்தை நிரப்பியதில் பத்து வடங்கள் கணக்குக்கு வந்தன. ஏழு முழுமையாக இருந்தன. மூன்று நடுவே அறுந்திருந்தாலும் இரு முனைக் கொக்கிகளும் அதனதன் இடத்தில் தொங்கின. ஆறாவது மிதியில் ஒரே வடம். அது நான்காவது கம்பியை இறக்குவது. ஆனால் அந்த மிதியின் சட்டத்தில் இன்னொரு வடம் மாட்டுவதற்கான இடம் தேய்ந்து பளபளத்தது. தோழர் பூதக்கண்ணாடியால் எட்டு விரல்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் விரலின் இறக்கப் பக்கத்தில், துருவின் நடுவே, கொக்கி உராய்ந்த தழும்பு ஒன்று இருந்தது, அங்கே கொக்கியில்லை. தொலைந்து போன பதினோராவது வடம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்தது, எந்தக் கம்பி எந்தச் சுரம்? துருப்பிடித்த பழைய கம்பிகள் ஏழு இருந்தன. மிக மெல்லிய முதல் கம்பி அறுந்து, முறுக்காணியில் ஒரு சுற்று மட்டும் எஞ்சியிருந்தது. அதுவே போதும். திருகு அளவி கொண்டு துருவில்லாத இடமாகப் பார்த்துத் தடிமன் அளந்தோம். முதல் கம்பி 0.011 அங்குலம், இரண்டாவது 0.014, மூன்றாவது 0.018, நான்காவது 0.022. மற்ற நான்கும் சுற்றுக் கம்பிகள். வாசிப்பவர்கள் எல்லாக் கம்பிகளுக்கும் ஏறத்தாழ ஒரே இழுவிசை வருமாறுதான் கம்பி தேர்ந்தெடுப்பார்கள். இழுவிசையும் நீளமும் ஒன்றானால் சுரம் தடிமனுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். முதல் கம்பிக்கு நான்காவது சரியாக இரு மடங்கு. ஆகவே அது ஒரு ஸ்தாயி கீழே. முதலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள விகிதம் 14க்கு 11. அந்தர காந்தாரத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள 5க்கு 4 என்ற விகிதத்துக்கு அது மிக அருகில் வருகிறது. இப்படியே போனால் மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பி வரை க, ச, ப, க, ரி, ச, நி, ப என்று ஒரு வரிசை கிடைத்தது. ரி சதுச்ருதி, நி கைசிகி. அமெரிக்க நாட்டுப்புற இசையாளர் வழக்கமாகப் பயன்படுத்தும் சுருதிக் கூட்டின் எட்டுக் கம்பி வடிவம் இது என்று நூல்களைப் பார்த்தபோது தெரிந்தது. மனத்துக்குத் தெம்பாயிற்று.

சரி, ஆதார ஷட்ஜம் எது? இங்கேதான் உலோகவியல் கைகொடுத்தது. ஒரு கம்பியை ஏற்றிக்கொண்டே போனால் எந்தச் சுருதியில் முறியும்? ‘தடித்த கம்பியானால் தாங்கும்’ என்று பலரும் நினைப்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. தடிமன் கூடினால் அதே சுருதிக்கு இழுவிசையும் குறுக்குப் பரப்பின் விகிதத்தில் கூட வேண்டியிருக்கிறது; ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் பாரம் மாறுவதில்லை. நீளமும் சுருதியும் மட்டுமே அதை முடிவு செய்கின்றன. எங்கள் கிதாரில் ஒலிக்கும் நீளம் 24½ அங்குலம். அந்த நீளத்தில் எஃகுக் கம்பியை விநாடிக்கு 440 அதிர்வுக்கு ஏற்றினால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 240 கிலோ பாரம் விழும். இவ்வளவு மெல்லிய இசைக் கம்பி முறிவது சுமார் 270இல். அதாவது கம்பி எப்போதும் மரணத்தின் வாசலில் நின்றுதான் பாடுகிறது.

முதல் கம்பிக்கு ஓர் ஏற்றமும் உண்டு என்பதை வடம் காட்டியது. தடைத்திருகு அனுமதித்த அசைவு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கம்பிக்கு அது அரைச் சுரம். அரைச் சுரம் ஏறிய பின்னும் முறியாமல் இருக்க வேண்டுமானால் திறந்த கம்பி 415 அதிர்வுக்கு மேல் அதிகம் போக இயலாது. அதற்கு மிகவும் கீழே வைத்தால் சுற்றுக் கம்பிகள் தொளதொளத்துப் போகும். ஆகவே காந்தாரம் 415; மிதித்தால் மத்தியமம் 440. வேறு இடமே இல்லை. இந்த நெருக்கடி காரணமாகத்தான் போலும், ஃபெண்டர் நிறுவனத்தார் பிற்காலக் கிதார்களில் நீளத்தை 23 அங்குலமாகக் குறைத்துவிட்டனர். அதில் அதே சுருதிக்குப் பாரம் சுமார் 212 கிலோதான். எங்களுடையது நீளமான பழைய வகை என்பதால் வயதும் தெளிவாயிற்று. ஒலி அளவு மாற்றும் குமிழின் உள்ளே 304923 என்று அச்சிட்டிருந்தது. 304 என்பது குமிழ் செய்த ஸ்டாக்போல் நிறுவனத்தின் எண். 9 ஆண்டின் கடைசி இலக்கம். 23 அந்த ஆண்டின் வாரம். 1959ஆ, 1969ஆ என்ற ஐயத்தை 24½ அங்குலம் தீர்த்துவிட்டது.

இனிப் பழுது பார்த்த விவரம். இதில் பெரும்பகுதி அழுக்கோடு போராடியதுதான்; சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பது அறுபது ஆண்டு முன் போட்ட எண்ணெய் உலர்ந்து பிசினாகிக் கப்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. டர்பென்டைனில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தோம். அலுமினியச் சட்டத்தில் இறங்கிய எஃகுத் திருகுகள் இந்நகரத்து ஈரக் காற்றில் அரித்து, வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருந்தன. முறுக்கினால் தலை முறியும். மண்பாண்டம் சுடுவது போலச் சுட வேண்டியதில்லை. சாலிடர் இரும்பைத் திருகின் அருகே வைத்து இதமாகச் சூடேற்றினால் போதும். சூட்டில் எஃகு விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு அலுமினியம் விரியும், பிடி தளரும். ஒரு திருகுக்கு ஒரு மாலை என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

வடங்களுள் எது பழுது, எது பழுதில்லை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பஞ்சை வடத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே உள்ளிழை ஒன்று அறுந்திருக்கிறது என்று பொருள். கப்பியில் வளைந்து வளைந்து, இழைகள் ஒவ்வொன்றாகக் களைத்து முறியும். ஏழு வடங்கள் இச்சோதனையில் தேறின. அறுந்த மூன்றுக்கும் தொலைந்த ஒன்றுக்கும் மிதிவண்டியின் கியர் வடத்தை வாங்கினோம், கனம் 1.2 மில்லிமீட்டர். பழைய கொக்கிகளையே செப்புக் குழாயில் நசுக்கிப் பொருத்தினோம். ஏழையும் சேர்த்துப் புதிதாக மாற்றிவிடலாமே என்று தோழர் கேட்டார். நல்ல நிலையில் உள்ளதை மாற்றுவது பழுது பார்ப்பதாகாது என்பது என் கட்சி. அவர் விட்டுக்கொடுத்தார்.

விரல்கள் ஆடும் அச்சுக்குத்தான் அதிக நேரம் செலவாயிற்று. காரணம் உண்டு. அரைச் சுரத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்றேன் அல்லவா? அப்படியானால் மிதியை விட்டபின் விரல் தன் இடத்துக்கு வராமல் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நின்றுவிட்டாலும் சுருதி அரைச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு பிசகும். அது தேர்ந்த செவிக்கு நாராசம். தடித்த எண்ணெய் ஆகாது, வறட்சியும் ஆகாது. தையல் யந்திர எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்தோம்.

மின்சாரப் பகுதியில் ஒலியே வரவில்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சுருளில், தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். லால்பஜார் பக்கம் வாத்தியக் கடையில் கேட்டதற்கு, புதிதாக ஒன்றை வாங்கிப் போடச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால், சுருளின் வெளி முனை சாலிடர் செய்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறி அற்றிருந்தது. வெளி முனை என்பது எங்கள் அதிர்ஷ்டம். உள் முனையாக இருந்திருந்தால் முழுச் சுருளையும் பிரித்துச் சுற்ற வேண்டும். ஒன்றரைச் சுற்றுக் கம்பியை மட்டும் பிரித்து, நுனியைச் சுரண்டி, மறுபடி சாலிடர் வைத்தோம். அளவி 7.2 கிலோ ஓம் காட்டியது. பெரியவருடைய பழைய ஒலிபெருக்கி அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்கு ஆனது. அதை இம்முறை தொடவில்லை. இங்குள்ள புதிய ஒலிபெருக்கி ஒன்றை இரவல் பெற்றோம்.

மேல் மெருகைப் பற்றி ஒரு சொல். மரத்தின் மேல் மெருகு வெடித்து, பெரியவரின் வலது மணிக்கட்டு பட்ட இடத்தில் முற்றிலும் தேய்ந்து மரம் தெரிகிறது. அதை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. அங்கே புதுச் சாயம் அடிப்பவனை நான் கடுமையாகவே கண்டிப்பேன்.

புதுக் கம்பிகளை ஏற்றிய நாளில் எட்டுக் கம்பியும் சேர்ந்து இழுக்கும் பாரம் ஏறக்குறைய நூறு கிலோ. ஆகவே ஒரே நாளில் சுருதிக்குக் கொண்டுவராமல் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தோம். பிறகு மிதிகளை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தோம். முதல் மிதி பஞ்சமங்கள் இரண்டையும் தைவதமாக்குகிறது. இரண்டாவது, காந்தாரங்கள் இரண்டையும் மத்தியமமாக்குகிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச, ம, த. உருளையை நகர்த்தாமலே வேறொரு கூட்டு. மூன்றாவது மிதி மேல் ஷட்ஜத்தை ரிஷபத்துக்கும் பஞ்சமத்தைத் தைவதத்துக்கும் தூக்குகிறது. நான்காவது, ஷட்ஜங்களைக் காகலி நிஷாதத்துக்கு இறக்குகிறது. ஐந்தாவது, கைசிகி நிஷாதத்தைத் தைவதத்துக்கு. இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க வித்வான்களுக்குப் பழக்கமானவையே. ஒரு கம்பிக்கு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் என்ற விதியோடும் பிசிறில்லாமல் பொருந்தின. நாங்கள் ஊகித்த சுர வரிசை தவறாக இருந்தால் இத்தனை கூட்டுகளும் ஒருங்கே இனிமையாக அமைந்திரா.

சுருதி சேர்க்கும்போது ஒரு தர்க்கம் எழுந்தது. கைபேசியில் உள்ள சுருதி காட்டி, நாங்கள் செவியால் சேர்த்த காந்தாரம் குறைவு என்று சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. வாசித்துக் காட்ட வந்திருந்த ஹவாய் கிதார் ஆசிரியர் சிரித்தார். அந்தப் பொறிக்குத் தெரிந்தது ஆர்மோனியத்தின் காந்தாரம். தம்பூராவின் நாதத்தில் தானே தோன்றும் அந்தர காந்தாரம் அதைவிட அரைச் சுரத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு தாழ்ந்தது. பல கம்பிகள் சேர்ந்து நீண்டு ஒலிக்கும் இந்தக் கருவியில் ஆர்மோனியக் காந்தாரம் வைத்தால் அலை அலையாகத் துடிக்கும். அமெரிக்கர்களிலும் பலர் செவியை நம்பிக் காந்தாரத்தைத் தாழ்த்தியே வைக்கின்றனர். நாங்களும் பொறியை அணைத்துவிட்டோம்.

மிஞ்சியது ஆறாவது மிதி. தழும்பை நம்பி முதல் கம்பிக்கும் ஒரு வடம் மாட்டியிருந்தோம். இரண்டு ஸ்தாயிகளிலும் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கும். மகிழ்ந்திருந்த கூட்டு சோகமாகும். அப்படியொரு மிதியைக் காலடியில் வைத்துக்கொண்டவர் வங்காளப் பாட்டுகளையும் வாசித்திருப்பார் என்று ஊகித்தோம்; ஆனால் அது ஊகமே. மாசிமா சிறுமியாக இருந்தபோது, தந்தை கப்பிகளைச் சரி செய்யும் நேரங்களில் கீழே அமர்ந்து கையால் மிதிகளை அழுத்திக் கொடுப்பாராம். இப்போதும் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். ஆசிரியர் உருளையை வைத்து மீட்ட, மாசிமா வலக்கையால் ஆறாவது மிதியை அழுத்தினார். சுரம் இறங்கியது. “இன்னொரு தடவை” என்றார். மறுபடி மீட்டினார், மறுபடி அழுத்தினார். பிறகு எங்களைப் பார்த்து, “இரண்டு கம்பியும் இறங்கும், சரிதான். ஆனால் அப்பாவுடையது இன்னும் மெதுவாக இறங்கும்” என்றார்.

கீழே குனிந்து பார்த்தோம். மிதியின் சட்டத்தில் வடம் மாட்டுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. அச்சுக்கு அருகே மாட்டினால் மிதி நெடுந்தூரம் இறங்கச் சுரம் மெல்ல ஊரும். தள்ளி மாட்டினால் வெடுக்கென்று மாறும். புது வடத்தை நாங்கள் மாட்டியிருந்தது வெளியிடத்தில். பளபளத்தது இரண்டும்தான், ஆனால் உள்ளிடம் சற்று ஆழமாகத் தேய்ந்திருந்தது. பழைய வடத்தையும் புது வடத்தையும் உள்ளே மாற்றி, தடைத்திருகைச் சரி செய்ய அரை மணி நேரம் ஆயிற்று. மறுபடி அழுத்தியபோது மாசிமா ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுக்கவும் இல்லை. ஆசிரியர் பாட்டை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார்.

வியாபாரிக்கு மறுநாள் பதில் போயிற்று. கிதார் இப்போது கட்டிலின் அடியில் இல்லை, கூடத்தில் நிற்கிறது. வாரம் ஒரு முறை அந்த ஆசிரியர் வந்து மிதி பழகுகிறார். கட்டம் போட்ட தாளின் ஒரு பிரதியை உறையிலிட்டு, கிதாரின் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறோம். முதல் கம்பி மட்டும் மாதம் ஒன்று அறுகிறது. அதற்குப் பன்னிரண்டு கம்பிகள் வாங்கிக் கொடுத்தாயிற்று. மழைக்காலம் தொடங்குமுன் விரல்களுக்கு மறுபடி எண்ணெய் தொட வேண்டும்; அன்று உடன் வர விரும்பும் நண்பர்கள் என் அறையில் பெயர் கொடுக்கலாம்.